கிணற்றை எட்டிப் பார், தம்பி!

தலைமன்னார் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெடியன் சொன்னான்: "அண்ணை, எங்கட ஊர் உருப்படாது. எங்கட சனமும் உருப்படாது. போறவன்தான் கெட்டிக்காரன்." இருபத்திரண்டு வயதிருக்கும். பேசாலையில் இறங்கிப் போய்விட்டான். அவனுக்குச் சொல்லவேண்டியது அன்றைக்கு என் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. இங்கே சொல்கிறேன். அவனைப்போல நினைக்கிற ஒவ்வொருவரும் கேட்கட்டும்.

தம்பி, நீ நடுக்கற் காய்ச்சலைக் கண்டிருக்கிறாயா?

நாங்கள் கண்டோம். பின்னேரம் மூன்று மணிபோலக் குளிரத் தொடங்கும். வெளியே வெயில் எறித்துக்கொண்டிருக்கும். நான் பாயில் கிடந்து பல் கிட்டி நடுங்குவேன். அம்மா போர்வை, சாறம், சீலை, கடைசியில் சாக்கு வரை எடுத்து மேலே போடுவா. அதற்கும் அடங்காவிட்டால் தானே மேலே சாய்ந்து அழுத்திப் பிடிப்பா. பிறகு உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும். பிறகு வியர்த்து ஊற்றும். மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல எழும்பி விளையாடப் போவேன். அதற்கடுத்த நாள், அதே மூன்று மணிக்கு, அது திரும்பி வரும். அந்தக் குளோரோகுயின் குளுசையின் கசப்பு இதை எழுதும்போதும் நாக்கின் அடியில் நிற்கிறது.

இன்றைக்கு அந்தக் காய்ச்சல் எங்கே? தாழ்வுபாட்டில் கேள். எருக்கலம்பிட்டியில் கேள். முருங்கனில் கேள், மடுவில் கேள். பத்து வயதுப் பிள்ளைக்கு அதன் பெயரே தெரியாது. இந்த மண்ணில் மலேரியா ஆளுக்கு ஆள் தொற்றிவந்த சங்கிலி 2012 ஒக்டோபரில் அறுந்தது. 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது.

இதைச் சும்மா ஒரு செய்தியாகக் கேட்டுவிட்டுப் போகாதே! 1934இல் மழை பொய்த்து ஆறுகள் வற்றின. குழிகளில் தேங்கிய தண்ணீரில் நுளம்பு பெருகியது. அந்தக் கொள்ளைநோயில், அரைக்கோடிச் சனம் மட்டுமே இருந்த நாட்டில், சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 உயிர்கள் போயின. பிறகு டி.டி.டி. வந்தது, வீடு வீடாக அடித்தார்கள். 1963இல் நாடு முழுவதற்கும் வெறும் 17 நோயாளர். முடிந்தது என்று நினைத்துக் கையை விட்டார்கள். 1969இல் ஐந்து லட்சம் பேருக்கு மேல் படுத்தார்கள்! எல்லாவற்றையும் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. 1999இல்கூட இரண்டரை லட்சத்துக்கு மேல் நோயாளர். அதில் பெரும்பங்கு வடக்கும் கிழக்கும் சுமந்தது. அப்போது இங்கே போர்.

போர் நடந்த நிலத்தில் இந்த நோயை யார் துரத்தினார்கள்? அவர்களுடைய பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. மலேரியா தடை இயக்கத்தின் ஊழியர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள். குடும்பநல மாதுகள். ஊர்த் தொண்டர்கள். சைக்கிளில் வந்த அந்த மனிதரை நான் மறக்கவில்லை. முற்றத்தில் வாங்கைப் போட்டு உட்காருவார். விரல் நுனியில் ஊசியால் ஒரு குத்து. வந்த துளியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துக் காயவைப்பார். ஈ மொய்க்காமல் கையால் விசிறிக்கொண்டே இருப்பார். நம்பர் எழுதிப் பெட்டிக்குள் அடுக்குவார். "பயப்படாத மோன, முடிஞ்சுது" என்பார். அவ்வளவுதான். அடுத்த வீடு.

ஆனால் அவர் திரும்பி வருவார், தம்பி. என் முழுக் கதையும் அந்தத் திரும்பி வருவதில்தான் இருக்கிறது. மலேரியாக் கிருமியில் ஒரு வகை ஈரலுக்குள் போய்ப் பதுங்கிவிடும். காய்ச்சல் விட்டு மாதக்கணக்கானாலும் மறுபடி எழும்பும். அதைக் கொல்ல, பின்னாளில், 14 நாள் பிறிமாகுயின் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டவன் பதினான்காம் நாள் வரை குளுசை விழுங்குவானா? உழைப்புக்குப் போய்விடுவான், மறந்துவிடுவான். யாராவது படலையைத் திறந்துகொண்டு வந்து, "இண்டைக்குப் போட்டாச்சா?" என்று கேட்க வேண்டும். கேட்டார்கள். தன் பிள்ளையல்லாத ஒரு பிள்ளையின் ஈரலுக்காக இன்னொரு மனிதன் வெயிலில் சைக்கிள் மிதித்தான். அந்தப் பெரிய அறிவிப்பின் அடியில் கிடப்பது இந்த டயர்த் தடம்தான்!

துப்பாக்கிகள் இரண்டு பக்கமும் நின்றபோதும் இது நடந்தது. மலேரியாவுக்கு மட்டுமல்ல. 1995இல் போலியோ சொட்டுமருந்து நாட்களுக்காக அரசும் விடுதலைப் புலிகளுமாக இரண்டு தரப்பும் சண்டையை நிறுத்தின. குழந்தையின் வாயில் இரண்டு சொட்டு விழுவதற்காகப் பீரங்கி வாயை மூடியது. இந்தத் தீவில் போலியோவின் கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 1993இல். போர் முடிந்தது 2009 மே மாதம். மூன்றரை ஆண்டுக்குள் மலேரியாவின் கழுத்து முறிந்தது. உருப்படாத சனமா இது? எழும்பி நின்று பதில் சொல்!

வெட்கப்படவேண்டிய பக்கமும் எங்களுக்கு உண்டு. அதை மறைத்துக்கொண்டு நம்பிக்கை பேச எனக்கு உரிமையில்லை. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவின் குடும்பங்கள் படகேறிக் கற்பிட்டியில் இறங்கின. பிள்ளையைத் தோளிலும் மூட்டையைத் தலையிலும் சுமந்து வந்தவர்களுக்குப் புத்தளத்துச் சனம் பள்ளிவாசலைத் திறந்தது, பாடசாலையைத் திறந்தது, தென்னந்தோட்டத்தைத் திறந்தது. தங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பங்கிட்டது. ஒரு பக்கம் மனிதன் மனிதனைத் துரத்திய அதே மாதத்தில், மறுபக்கம் முன்பின் தெரியாதவன் கஞ்சிப் பானையில் இன்னொரு படி அரிசி போட்டான். எருக்கலம்பிட்டிக்கு இன்று சனம் திரும்பியிருக்கிறது. எல்லாரும் அல்ல. பட்ட காயம் ஆறியும் விடவில்லை. ஆனால் திரும்பியிருக்கிறது.

அதே 1990இல் தகர்ந்த மன்னார்ப் பாலத்துக்குப் பதிலாக 2010இல் புதிய பாலம் திறந்தது. நின்றுபோன ரயில் 2015 மார்ச் 14ஆம் திகதி தலைமன்னார் வரை திரும்பவும் கூவிக்கொண்டு வந்தது.

போகாதே என்று உன்னைத் தடுக்க மாட்டேன். 2022இன் பொருளாதார நெருக்கடியில் பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வழியில்லாமல் இந்தக் கரையிலிருந்து குழந்தைகளோடு படகேறி, தனுஷ்கோடிப் பக்கத்து மணல் திட்டில் போய் இறங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அதே ஆண்டு மே மாதம் சென்னையிலிருந்து வந்த முதற் கப்பலில் 9,000 தொன் அரிசியும் 200 தொன் பால்மாவும் இருந்தன. அங்கேயும் இரங்குகிற நெஞ்சம் உண்டு. நீ எங்கே போனாலும் போ. ஆனால் "உருப்படாது" என்ற சொல்லை மட்டும் சுமந்துகொண்டு போகாதே. அது பொய். அந்தப் பொய்யைச் சொல்லச் சொல்ல, படலையைத் திறந்து வருகிறவர்களில் ஒருவர் குறைவார்.

இப்போது கேள், முக்கியமானது இதுதான். மலேரியா அற்ற நாடென்று அறிவித்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. 2016 டிசெம்பரில் இலங்கை அதுவரை கண்டிராத ஒரு மலேரியா நுளம்பை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். எங்கே தெரியுமா? எங்கள் மன்னாரில், எங்கள் கிணறுகளில்! அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்று பெயர். இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புகிற வகை. பழைய நுளம்பு ஆற்றுக் குழிகளைத் தேடியது. இதற்குச் சீமெந்துக் கிணற்றின் தெளிந்த தண்ணீரே போதும். 1963இல் கையை விட்டதுபோல இந்த முறை விடவில்லை. கிணறு கிணறாகப் போனார்கள். நுளம்புக் குடம்பியைத் தின்னும் சிறு மீன்களைத் தண்ணீரில் விட்டார்கள். நோய் மறுபடி வேர்விடவில்லை. காவல் இன்றைக்கும் நடக்கிறது.

அந்தக் காவலில் உனக்கும் ஓர் இடம் இருக்கிறது. நாளைக் காலை பல் விளக்கப் போகும்போது உன் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார். கண் பழகும் வரை குனிந்து நில். கீழே சிறு மீன் ஓடினால் சந்தோஷம். ஓடாவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் ஒரு வார்த்தை சொல். வரும் வழியில் பக்கத்து வீட்டு ஆச்சியின் கிணற்றையும் பார்த்துவிட்டு வா. அவவுக்குக் குனிய ஏலாது.