ஓரத்தில் இல்லாதது

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவின் நெரிசலில், பக்கத்தில் வந்த மோட்டாரைக் கவனிக்காமல் காலை வைத்தால் இப்படித் திட்டு விழும். திட்டுகிறவர் ஒன்றை நம்புகிறார்: பார்க்க முடிந்தும் இவன் பார்க்கவில்லை. அது எப்போதும் சரியா?

மூளையின் அடியில், பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. அதற்குச் சற்று மேலே இரண்டு பார்வை நரம்புகளும் சந்திக்கின்றன. அங்கே குறுக்காகக் கடக்கும் இழைகள்தாம் வலக்கண்ணின் வலப்புறத்தையும் இடக்கண்ணின் இடப்புறத்தையும் காட்டுகின்றன. சுரப்பியில் வளரும் கட்டி மேலெழுந்து அழுத்தினால், பெரும்பாலும் இவைதான் முதலில் அடிபடும். இரு ஓரங்களும் மெல்லக் கழன்றுபோகும். நடுப்பார்வை அப்படியே இருக்கலாம். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வரலாம்.

போன இடத்தில் இருட்டாவது தெரியுமா? பல பேருக்குத் தெரிவதில்லை. நம் பிடரிக்குப் பின்னால் கறுப்பாகவா இருக்கிறது? அங்கே ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், 1991இல் ரிச்சர்ட் கிரெகரியோடு சேர்ந்து, பார்வையில் செயற்கையாக உண்டாக்கிய ஓட்டைகளைச் சுற்றியிருப்பதைக் கொண்டே மூளை நிரப்பிவிடுவதைக் காட்டினார்.

தொழிற்சாலைகளில் பல சென்சார்கள் 4 முதல் 20 மில்லியாம்பியர் வரை அனுப்பும். அளவு பூஜ்ஜியமாக இருந்தாலும் 4 ஓடும். 0 வந்தால் வயர் அறுந்துவிட்டது என்று அர்த்தம். 'ஒன்றுமில்லை' வேறு, 'எனக்குத் தெரியவில்லை' வேறு. கண்ணுக்கு அந்த 4 கிடையாது.

அப்படியானால் தெரியாதவன்மேல் குற்றம் உண்டா? முதல் தடவை இல்லை என்பேன். ஆனால் கதவு நிலையில் தோள் இடிக்கிறது, காடியின் கண்ணாடி தூணில் உரசுகிறது, "பக்கத்துலதானே நின்னேன், பாக்கலையா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். இது திரும்பத் திரும்ப நடந்த பிறகும் "எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்று சாதித்தால், அறியாமை அங்கே முடிந்து பொறுப்பு தொடங்கிவிடுகிறது. உள்ளேயிருந்து வராத எச்சரிக்கை அடுத்தவர் வாயிலிருந்துதான் வரும். திட்டுகிறவருக்கும் ஒரு கடமை உண்டு: கவனமில்லை என்று முடிவுகட்டுமுன், இது எத்தனையாவது தடவை என்று எண்ணிப் பார்ப்பது. அழுத்தம் நீடித்தால் இழைகள் செத்துவிடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பார்வை திரும்பவும் வாய்ப்புண்டு.

இதற்கான முதல் சோதனைக்கு மெஷின்கூடத் தேவையில்லை. மருத்துவர் எதிரே உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, ஓரத்திலிருந்து விரலைக் கொண்டுவருவார். அவருடைய பார்வைதான் அளவுகோல். நம் உலகத்தின் எல்லையை நாம் தனியாக அளக்க முடியாது. எதிரே இன்னொருவர் உட்கார வேண்டும்.