எண்ணெய் வித்தும் உயிரச்சமும்

உண்பதை ஆராய்ந்து உண்பது நம் இல்லறத்தாரின் பழைய ஒழுக்கம். நீரை வடிகட்டுகிறோம், பொழுது சாயுமுன் உண்கிறோம், கிழங்குகளை விலக்குகிறோம். எண்ணெயைப் பற்றி மட்டும் நாம் மிகுதியாக வினவுவதில்லை. மரபணு மாற்றிய பருத்திக்கு நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது. அதன் கொட்டை எண்ணெயும் சமையலுக்கு வருகிறது. ஆர்ஜென்டினா, பிரேசில் நாடுகளிலிருந்து இறங்கும் சோயா எண்ணெயும் பெரும்பாலும் அத்தகைய பயிரினதே. வீட்டில் செக்கு நல்லெண்ணெய்தான் என்போர், கடைப் பலகாரம் எதில் பொரிந்தது என்று அறிவரோ?

இப்போது வழக்கில் உள்ளது கடுகு. டில்லிப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய டி.எம்.எச்.-11 என்னும் வகை அது. கடுகு பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. ஆதலின் கலப்பு விதை உண்டாக்குதல் அரிது. எனவே ஒரு செடியில் மகரந்தத்தைத் தடுக்கும் மரபணுவையும், மற்றொன்றில் அத்தடையை நீக்கும் மரபணுவையும் மண்வாழ் நுண்ணுயிரிலிருந்து எடுத்துச் சேர்த்தனர். களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு ஒன்றும் உடன் சேர்ந்தது. 2022 அக்டோபரில் மத்திய அரசு இதற்கு அனுமதி அளித்தது. 2024 ஜூலை 23-இல் உச்சநீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்புரைத்தனர். தேசியக் கொள்கை ஒன்று வேண்டும் என்பதில் உடன்பட்டனர்.

சோதனைகள் வீண் என்று நாம் கூறமாட்டோம். பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சோயாவில் சேர்த்தபோது, அக்கொட்டை ஒவ்வாதாரின் குருதிநீர் புதிய சோயாவிலும் எதிர்வினை காட்டிற்று. 1996-இல் அம்முடிவு வெளியாயிற்று. அப்பயிர் சந்தைக்கு வரவேயில்லை. அதனைக் கண்டறிய வேண்டியிருந்தது மனிதர் சிலரின் குருதிநீரும் தோற்சோதனையுமே.

நம்மை வருத்துவது வேறொரு சோதனை. எலிகளுக்கு 90 நாள் அவ்வுணவை ஊட்டிப் பின் கொன்று, உறுப்புகளை அறுத்துப் பார்க்கின்றனர். ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் இதனை விதியாகவே ஆக்கியது. புதுப்பயிரை அஞ்சுவோர், நம்மவர் உட்பட, 'இன்னும் நீண்ட சோதனை வேண்டும்' என்கின்றனர். எத்தனை ஐயறிவுயிர்களின் சாவைக் கேட்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. உழவில் நேர்வது ஆரம்ப இம்சை. இல்லறத்தாரால் முற்றும் தவிர்க்க இயலாதது. கூண்டிலிட்டு நாள் குறித்துக் கொல்வது சங்கல்பத்தின் பாற்பட்டதன்றோ? பல்லோரைக் காக்கவே என்று விடை கூறுவர். அவ்விடையை நாம் எளிதில் தள்ளவில்லை. ஆயினும் காக்கப்படுவோர் நாம். உயிர் கொடுப்பது எலி. குருதிநீரால் அறியக்கூடியதை அவ்வாறே அறிக என்று கேட்கும் கடமையேனும் நமக்குண்டு.

தேனீயின் நிலை இன்னும் விந்தையானது. கடுகுப் பூவை நாடி வரும் இந்நாலறிவுயிருக்குத் தீங்கு நேருமா என்பதைப் பயிரை வெளியில் விட்டபின் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆராய்க என்பது 2022 அனுமதியின் நிபந்தனைகளுள் ஒன்று. மனிதன் உண்ணுமுன் அவனுக்காக எலி சோதிக்கப்படுகிறது. தேனீக்கோ பயிர் பூத்த வயலே சோதனைக்கூடம். அப்பயிர் நஞ்சு என்று நாம் சொல்லவில்லை. அதற்குச் சான்றும் நம்மிடம் இல்லை. தேனைத் தீண்டாத நாம், அதனைச் சேர்க்கும் உயிருக்காக 'முதலில் ஆராய்க, பின்னர் விடுக' என்று அரசிடம் எழுதிக் கேட்கலாம்.