போன நாற்பத்து நான்கு

பதினொன்றாம் வகுப்பு வேதியியலில் மோல் கணக்கு முதல் பாடத்திலேயே வந்துவிடும். அரியலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அதை நடத்திய காலமெல்லாம் சுண்ணாம்புக் கல்லோடுதான் வகுப்புக்குள் போவேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கல்லை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாதிப் பேர் வீட்டில் அதுதான் சோறு. என் அப்பாவும் காளவாயில் கல் சுட்டவர்.

தூய சுண்ணாம்புக் கல் 100 கிராம் என்றால் ஒரு மோல். அதைச் சுட்டால் 56 கிராம் மிஞ்சும். 44 கிராம் கரியமில வாயுவாகப் போய்விடும். அப்பாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் காளவாய் ஆறியதும் ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பார். கனம் விட்டிருந்தால் வெந்த கல். நடுவில் கனம் தங்கியிருந்தால் ஒதுக்கி வைப்பார். வெந்த கல்மேல் தண்ணீர் தெளித்தால் சீறும், வெடிக்கும், பூத்து வெள்ளை மாவாக உதிரும். 56 கிராம், 18 கிராம் தண்ணீரை வாங்கிக்கொண்டு 74 ஆகிவிடும். அந்த மாவுக்கும் நெற்றியில் பூசும் திருநீற்றுக்கும் தமிழில் ஒரே சொல்தான்: நீறு.

ஓர் ஆண்டு இந்தப் பாடம் முடிந்த மறுவாரம், மொட்டைத் தலையோடு ஒரு மாணவன் வந்தான். அப்பாவுக்குக் கொள்ளி வைத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. வகுப்பு கலைந்ததும் மேசையருகில் நின்றான்.

"சார், நிறை அழியாதுன்னு சொன்னீங்க. எங்கப்பா அறுபது கிலோ இருப்பாரு. காடாத்தும்போது நான்தான் பொறுக்கினேன். ஒரு சட்டிகூட நிறையல. மீதி எங்க சார்?"

தெரிந்ததைச் சொன்னேன். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், அது ஆவியாகும். கார்பன் கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கும். எலும்பில் இருந்த கால்சியமும் பாஸ்பரசும்தான் சட்டியில் வந்தவை. ஓர் அணுகூடத் தொலையவில்லை என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தவன், "அப்ப எங்கப்பா காத்துல இருக்காரா சார்?" என்றான்.

"ஆமாண்டா" என்றேன். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். அவன் திருமானூரில் கொள்ளிடத்தில் அப்பாவின் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்திருந்த பிள்ளை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். நான் சொன்னது தப்பு என்று அன்று இரவே தோன்றியது. ஏன் தப்பு என்று புரிய வருடங்கள் ஆயின.

பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது பிடிபட்டது. சுவரில் பூசிய சுண்ணாம்பு மெல்ல மெல்லக் காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மறுபடி கல்லாகிறது. காளவாயில் போன 44 கிராம் திரும்பி வந்து, 18 கிராம் தண்ணீர் வெளியேறி, 100 நிறைந்துவிடுகிறது. ஆனால் வந்த 44, போன அதே 44 இல்லை. அது எவர் மூச்சோ, எந்த லாரிப் புகையோ. கணக்கு இதைப் பொருட்படுத்தாது. ஒரு மோல் என்றால் 6.02214076 பெருக்கல் பத்தின் 23-ஆம் அடுக்கு; 2019 மே 20 முதல் அந்த எண்ணே மோலின் வரையறை. எத்தனை என்று கேட்டால் மோல் பதில் சொல்லும். எது என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது.

இதற்கு எதிர்ப்பக்கச் சாட்சி பெரம்பலூர் மாவட்டத்தில் சாத்தனூர் ஓடையில் கிடக்கிறது. 1940-ல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்குச் சொன்ன கல்மரம். நீளம் சுமார் 18 மீட்டர், வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள். மரத்தின் பொருள் விலக விலக, நீரில் கரைந்து வந்த கனிமங்கள் அந்தந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டன. கட்டைப் பொருள் போய்விட்டது, அடிமரத்தின் வடிவு அப்படியே நிற்கிறது. காளவாயில் ஓர் அணுவும் அழியவில்லை, கல் போனது. சாத்தனூரில் அணுக்கள் போய் மரத்தின் உரு தங்கியது. அப்படியானால் ஒரு பொருளை அந்தப் பொருளாக்குவது அணு மட்டும் இல்லை.

கணாதரின் வைசேடிகத் தத்துவம் இந்த இடத்தில்தான் தயங்கி நின்றிருக்கிறது. ஒரே வகைப் பரமாணுக்கள் இரண்டை எது வேறுபடுத்தும் என்று கேட்டு, ஒவ்வொன்றிலும் அதற்கே உரிய 'விசேடம்' ஒன்று உண்டு என்றது. வேதியியல் அப்படி ஒன்றைக் காணவில்லை. ஒரு கார்பன்-12 அணுவுக்கும் இன்னொன்றுக்கும் எந்த அடையாள வேறுபாடும் இல்லை. அதனால்தான் எடை போட்டே எண்ணிவிட முடிகிறது. இதில் நான் வேதியியலின் பக்கம்.

ஆனால் மெய்கண்டார் வழி வந்த சைவ சித்தாந்தம் இன்னொன்று சொல்கிறது. உள்ளது இல்லாமற் போகாது என்கிற சற்காரியவாதத்தை அது முழுக்க ஒப்புக்கொள்கிறது. உடம்பு மாயை என்னும் மூலப்பொருளிலிருந்து வந்து அதிலேயே ஒடுங்கும். உயிரை மட்டும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. உயிர் மாயையால் ஆனதல்ல, அது தனி. இதை ஆய்வுக்கூடத்தில் நிறுவ எனக்கு வழியில்லை. நம்புகிறேன். நம்பாதவர்கூட ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அந்தப் பையன் அறுபது கிலோவைத் தேடி வரவில்லை. ஒருவரைத் தேடி வந்தான். அணுவுக்கு அடையாளம் இல்லை, அவன் அப்பாவுக்கு இருந்தது. பொருள் அழியாமை அவருடைய அழியாமை ஆகிவிடாது.

மோல் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் பிள்ளையாவது இந்தக் கேள்வியோடு வந்தால், காற்றில் இருக்கிறார் என்று சொல்லிவிடாதீர்கள். காற்றில் இருப்பது கரியமில வாயு. அதை மட்டும் சொல்லுங்கள். பிறகு அப்பா எப்படி இருப்பார் என்று அவனைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.