மரணக் கனவுகளும் தேரவாத பௌத்தமும்

கனவிலே சாவைக் கண்டால் ஆயுள் நீளும், மணக்கோலத்தைக் கண்டால் சாவு வரும் என்பது தமிழரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் நம்பிக்கை. கண்டதற்கு நேர்மாறாகவே பலன் அமையும் என்னும் இவ்விதி, அஞ்சி விழித்தவனைத் தேற்றுவதற்கென்றே தோன்றியது போலும். ஆயினும் தேறுதல் வேறு, உண்மை வேறு. தான் இறப்பதாகவோ தன்னைப் பெற்றவர் இறப்பதாகவோ கனவு கண்டு விழிக்கும் ஒருவனுக்கு அக்கனவு எதனையேனும் உணர்த்துகின்றதா? உணர்த்துமாயின் அவன் செய்யக்கடவது யாது? இவ்வினாவிற்குத் தேரவாத பௌத்தம் தரும் விடை, பொதுவாகக் கருதப்படுவதைவிடச் சிக்கலானது.

அவ்விடையைத் தேடுவோர்க்கு மாத்தளை பொருத்தமான தொடக்கவிடம். மாத்தளை நகருக்கு வடக்கே, தம்புள்ளை செல்லும் பெருவீதியை அடுத்துள்ள அலுவிகாரையிலேதான், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகப் பேணப்பட்ட திரிபிடகமும் அதன் உரையும் ஏட்டில் எழுதப்பெற்றன என்பது மரபு. (எழுதப்பெற்ற செய்தியை மகாவம்சம் கூறும், இடத்தைக் குறிப்பன பிற்கால நூல்களே.) இவ்விகாரையின் குகையொன்றில் நரக வேதனைகள் கண்முன் நிற்குமாறு காட்டப்பட்டுள்ளன. பகலில் அவற்றைக் கண்ட சிறுவனொருவன் இரவில் தான் இறந்து நரகம் புகுவதாகக் கனவு காண்பானாயின், அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பாளி உரையாசிரியர் இதனை முன்பு நுகர்ந்ததனால் எழும் கனவு என்பர்.

அவர்கள் கனவிற்குக் கூறும் காரணங்கள் நான்கு. முன்பு நுகர்ந்தமை அவற்றுள் ஒன்று. உடலின் தாதுக்கள் குழம்புவது மற்றொன்று. மலையினின்று வீழ்வதும், கொடிய விலங்கோ கள்வரோ துரத்தி வருவதும் தாதுக் குழப்பத்தால் தோன்றும் கனவுகளுக்கு எடுத்துக்காட்டுகளாம். இன்று நாம் மரணக் கனவு என அஞ்சுவனவற்றுட் பெரும்பாலானவை இவ்விரண்டனுள் அடங்கிவிடும். இவ்விரண்டும் மெய்யாவதில்லை என்பது உரைகளின் முடிபு. எஞ்சிய இரண்டே இடர்ப்பாடு தருவன: தெய்வங்கள் காட்டும் கனவு மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம், வருவதை முன்னுணர்த்தும் கனவோ தவறாது பலிக்கும்.

தெய்வங் காட்டிய பொய்க்கனவுக்கு உரைமரபு எடுத்துக்காட்டுவது ஈழத்துக் கதை ஒன்று. உரோகண நாட்டின் நாகமகாவிகாரையில் இருந்த மகாதேரர், சங்கத்தாரிடம் கேளாமலே ஒரு நாகமரத்தை வெட்டுவித்தார். அம்மரத்தில் உறைந்த தெய்வம் அவருக்கு முதலில் மெய்யாகும் கனவுகளைக் காட்டி நம்பிக்கையூட்டிற்று. பின்பு, அவரை ஆதரித்துவந்த அரசன் ஏழாம் நாள் இறப்பான் என்று கனவிலே கூறிற்று. தேரர் அதனை அரண்மனைப் பெண்டிரிடம் சொல்ல, அவர்கள் ஒருசேர அலறினர். அரசன் காரணம் அறிந்தான், நாட்களை எண்ணுவித்தான், ஏழு நாளும் கழிந்தபின் சினந்து தேரரின் கைகால்களை வெட்டுவித்தான்.

கதையின் கொடுமை ஒருபுறமிருக்க, அது எழுப்பும் ஐயம் கூரியது. முன்னைய கனவுகள் பலித்தமையே அவரை ஏமாற்றியது. 'எனக்கு வந்த கனவு எதுவும் பொய்த்ததில்லை' என்போர்க்கு இதைவிடத் தக்க மறுமொழி அரிது. இனி, தவறாது பலிக்கும் கனவுகளுக்கு உரைகள் காட்டுவன யாவை எனின், போதிசத்துவரின் தாய் கண்டது, போதிசத்துவர் கண்ட ஐந்து பெருங்கனவுகள், கோசல மன்னன் கண்ட பதினாறு கனவுகள் என்பனவே. இவற்றுள் எதுவும் கண்டவரின் சாவை முன்னறிவித்ததன்று. கோசல மன்னன் தன் உயிருக்கோ அரசுக்கோ பொருளுக்கோ கேடு வருமெனப் பிராமணர் கூறக்கேட்டு, விலங்குகளைப் பலியிட முற்பட்டவன். புத்தர் அக்கனவுகள் பொருளற்றவை எனக் கூறவில்லை. அவை நெடுங்காலத்தின்பின் நிகழ்வதைக் குறிப்பன, உனக்குத் தீங்கில்லை என்றார். பலிக்கெனக் கொணர்ந்த உயிர்கள் விடுவிக்கப்பட்டன. கனவு எவரையும் கொல்லவில்லை. கனவைப் பற்றிய அச்சமே கொல்ல முனைந்தது.

சிலப்பதிகாரம் பயின்ற தமிழ் மாணாக்கர்க்கு இவ்வையம் எளிதில் எழாது. கண்ணகி, கோவலன், கோப்பெருந்தேவி ஆகிய மூவர் கனவும் அங்குப் பலித்துவிடுகின்றன. காப்பியத்திற் கனவு பொய்ப்பதெங்ஙனம்? பின்வருவதை அறிந்த புலவனன்றோ அதனைப் படைக்கின்றான்!

வாழ்க்கையில் இவ்வேறுபாட்டை மறந்தோர் படும் துயர் பெரிது. தந்தை இறப்பதாகக் கனவு கண்டு எவரிடமும் கூறாதிருந்த மகன், பின்னொருகால் தந்தை இறந்தபோது தன்னையே குற்றவாளியாக்கிக் கொள்கின்றான். இத்தகையோர்க்குப் பௌத்த அறநூல் ஆறுதலளிக்கும். பிக்குகளுக்குரிய விநய விதியொன்று கனவில் நிகழ்வதை வெளிப்படையாகவே குற்றத்தினின்று விலக்குகின்றது. கனவிலும் சேதனை உண்டு. எனினும் அது கணக்கிற் கொள்ளத்தக்கதன்று என்பது அதன் காரணம். அச்சேதனை வலியற்றதாதலின் மறுபிறப்பைத் தரவல்லதன்று என்றும் உரைகள் கூறும். கண்ட கனவிற்கே பொறுப்பில்லையெனின், அதன் பொருளை அறியாதிருந்தமைக்குப் பொறுப்பு எங்ஙனம் உண்டாகும்?

மரணத்தை இடையறாது நினைத்தல் பௌத்தத்தில் ஒரு தியானமாதலின், மரணக் கனவும் அத்தகைய நினைவூட்டலே எனச் சிலர் கருதக்கூடும். இதனை அப்படியே ஏற்றல் கடினம். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்திலிருந்து விசுத்திமக்கத்தை இயற்றிய புத்தகோசர், நெறியின்றி மரணத்தை நினைப்பதன் விளைவுகளை அதிற் கூறியுள்ளார். அன்புக்குரியவர் சாவை நினைப்பின் துயரும், பகைவர் சாவை நினைப்பின் மகிழ்ச்சியும், தன் சாவை நினைப்பின் நடுக்கமும் எழும் என்பது அவர் கருத்து. கனவிலே எழுவனவும் இவையே. உறங்குபவனிடம் விழிப்புணர்வு இல்லை. அஃது இல்லாதவிடத்துத் தியானமும் இல்லை. எனினும் கனவு கலைந்தபின் அவன் அந்நடுக்கத்தை விழித்தநிலையில் ஆராய்வானாயின், தன்மீதும் பிறர்மீதும் தான் கொண்ட பற்றின் ஆழத்தை அதிற் காணலாம். மரணக் கனவிற்கு ஒரு பொருள் உண்டெனின் அது கண்டவனின் இன்றைய நிலையைப் பற்றியதேயன்றி நாளைய சாவைப் பற்றியதன்று.

மரண நினைவை எவ்வாறு பயில்கின்றீர் எனப் புத்தர் பிக்குகளை வினவியதை அங்குத்தர நிகாயம் கூறும். ஒருவர் ஓர் இரவும் பகலும் வாழ்வேனாயின் போதும் என்றார். வேறொருவர் ஒருவேளை உண்ணும் நேரம் என்றார். ஒரு கவளம் மென்று விழுங்கும் நேரமே போதும் என்றவரையும், மூச்சொன்று உள்வாங்கி வெளிவிடும் நேரமே போதும் என்றவரையுமே புத்தர் விழிப்புடையோர் எனப் பாராட்டினார். அவர்களுள் எவரும் கனவைப் பற்றிப் பேசவில்லை.