சாவி யார் கையில்?

தியானப் பகுதி: யாத்திராகமம் 18:13-26, நெகேமியா 3, அப்போஸ்தலர் 6:1-7



இம்மாதம் ஒரு சாட்சியோடு ஆரம்பிக்கிறேன். இது வெற்றிச் சாட்சி அல்ல, கர்த்தர் என்னைக் கடிந்துகொண்ட சாட்சி.

நம் ஜெபவீட்டுக்குப் பின்னால் கிடந்த காலி இடத்தில் சபையாரும் தெருவாருமாகச் சேர்ந்து காய்கறித் தோட்டம் போட்டது உங்களுக்குத் தெரியும். கருவேல முள்ளை வெட்ட நாற்பது பேர் வந்தார்கள். பாத்தி கட்ட இருபது பேர். மூன்றாம் மாதம் நானும் ஒரு வயதான விதவைத் தாயாரும்தான். "ஜனங்களுக்குப் பாரமே இல்லையே" என்று பிரசங்க பீடத்திலிருந்தே கடிந்து பேசினேன்.

பின்பு மூன்று நாள் கன்வென்ஷனுக்கு வெளியூர் போனேன். கனிதரும் வாழ்க்கை என்பதுதான் நான் கொடுத்த செய்தி. திரும்பி வந்து பார்த்தால் கத்தரி, தக்காளி எல்லாம் சுருண்டு கிடக்கிறது. நல்ல சித்திரை வெயில். எனக்குக் கோபம் வந்தது. "ஒருத்தருக்குமா தண்ணி விட மனசு இல்ல?" என்று கேட்டேன். அந்தத் தாயார் மெதுவாகச் சொன்னார்கள்: "மோட்டார் ரூம் சாவி உங்க பையிலல்லா இருக்கு, பாஸ்டர் ஐயா."

பிரியமானவர்களே, சட்டைப் பையில் கை விட்டேன். சாவி இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மோசேயும் அப்படித்தான் இருந்தான். காலைமுதல் சாயங்காலமட்டும் ஜனங்கள் அவன் முன்னே நின்றார்கள். அவன் சோம்பேறியல்ல, உண்மையுள்ள ஊழியன். ஆனாலும் மாமனாகிய எத்திரோ, நீ செய்வது நல்லதல்ல, நீயும் இளைத்துப்போவாய், ஜனங்களும் இளைத்துப்போவார்கள் என்ற கருத்தில் எச்சரித்தான். கவனியுங்கள்! தலைவன் எல்லாவற்றையும் தானே சுமந்தால் தலைவன் மட்டுமல்ல, ஜனமும் சோர்ந்துபோகும். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து என்று பொறுப்பு பகிரப்பட்டது. ஆலோசனை சொன்னவன் மீதியான் தேசத்து ஆசாரியன். புறம்பேயிருந்து வந்த நல்ல ஆலோசனையைக் கேட்க மோசேக்குத் தாழ்மை இருந்தது.

நாமும் அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் 1998-ல் குடும்பஸ்ரீ ஆரம்பிக்கப்பட்டது. ஏழைப் பெண்கள் அக்கம்பக்கத்து வீட்டாராகக் கூடி, சிறு குழுக்களாகத் தரிசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார்கள். அக்கம்பக்கக் குழு ஒவ்வொன்றிலும் தலைவி, செயலாளர், சுகாதாரத்துக்கு ஒருவர், வருமானத் தொழிலுக்கு ஒருவர், அடிப்படை வசதிக்கு ஒருவர் என்று ஐந்து பேருக்குப் பொறுப்பு. ஒரே ஆள் கையில் எல்லாச் சாவியும் இல்லை.

நம் கண்மாய்களும் அப்படித்தானே வாழ்ந்தன? மழைக்கு முன்னே ஊரார் கூடி வரத்துக்கால் வெட்டி, கரையைப் பலப்படுத்துவார்கள். அதுதான் குடிமராமத்து. நீர்ப்பாய்ச்சி மடையைத் திறந்து, வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவார். அறுவடையில் அவருக்குத் தானியப் பங்கு உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் கண்மாய் நிர்வாகம் அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. இந்த வேலைக்கு ஜனங்களைக் கட்டாயப்படுத்த 1858-ல் சட்டமே போட்டார்கள். அப்படியும் அந்த வழக்கம் தேய்ந்துதான் போனது. 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் மறுபடி திட்டம் கொண்டுவந்தது. சட்டம் ஆளைக் கூட்டும், மனசைக் கூட்டாது. 'இது என்னுடையது' என்கிற எண்ணம் இருக்கிற இடத்துக்குத்தான் மம்பட்டி தானாய் வரும்.

நெகேமியா இதை அறிந்திருந்தான். மூன்றாம் அதிகாரத்தை வெறும் பெயர்ப் பட்டியல் என்று தள்ளிவிடாதிருங்கள். ஆசாரியர், தட்டார், தைலக்காரர், வியாபாரிகள், தன் குமாரத்திகளோடு வந்த சல்லூம், எல்லாரும் அலங்கத்தில் நின்றார்கள். அநேகர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பங்கைக் கட்டினார்கள். தெக்கோவா ஊர்ப் பிரபுக்கள் வேலைக்குக் கழுத்துக் கொடுக்கவில்லை. நெகேமியா அதை ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டான்! வராதவர்களைத் திட்டியே வந்தவர்களைச் சோர்வாக்கவில்லை. 52 நாளில் அலங்கம் முடிந்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக்கு முன்பாக மன்னிப்புக் கேட்டேன். ஏன் வரவில்லை என்று முதல்தடவையாகக் காது கொடுத்துக் கேட்டேன். ராஜபாளையம் மில்லில் ஷிப்ட் பார்க்கும் சகோதரி, "நீங்க வைக்கிற பத்து மணிக்கு நான் மிஷின் முன்னால நிப்பேன் ஐயா" என்றார். பக்கத்து வீட்டு இந்து சகோதரர், "என்ன விதை போடணும்னு எங்ககிட்ட யாரும் கேக்கலையே" என்றார். எல்லாம் நான் ஒருவனே தீர்மானித்திருந்தேன்!

இப்போது நாலு வீட்டுக்கு ஒரு பாத்தி. விதை, தண்ணீர், எரு, கணக்கு, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆள். மாதம் ஒருமுறை கணக்கை எல்லார் முன்னும் சத்தமாய் வாசிக்கிறோம். வேலை நேரம் காலை ஆறிலும் மாலை ஐந்திலும். ஓரப் பாத்திகள் இரண்டு, லேவியராகமம் 19-ன்படி, இல்லாதவர்களுக்கு. எந்த மதம் என்று கேட்பதில்லை.

சாவி? அந்த விதவைத் தாயாரிடம். ஆதிச்சபையில் கிரேக்கு விதவைகளுக்காக முறுமுறுப்பு உண்டானபோது, தெரிந்துகொள்ளப்பட்ட ஏழு பேரின் பெயரும் கிரேக்குப் பெயர்களே. குறை சொன்ன பக்கத்தாரின் கையிலேயே பொறுப்பைக் கொடுத்தார்கள். அதன்பின் தேவவசனம் விருத்தியடைந்தது என்று வாசிக்கிறோம்.

தோட்டம் இன்னும் பூரணமாகவில்லை. ஒரு பாத்தி களை மண்டிக் கிடக்கிறது, ஒரு சண்டையும் நடந்தது. ஆனால் போன மாதம் நான் ஒரு வாரம் ஊரில் இல்லை. திரும்பி வந்தபோது வெண்டை காய்த்திருந்தது!

தேவபிள்ளையே, உன் பையில் எந்தச் சாவி இருக்கிறது? ஞாயிறு பள்ளியா? பாடற்குழுவா? காணிக்கைக் கணக்கா? வீட்டில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கொடாத தீர்மானமா? பவுல் நட்டான், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், விளையச் செய்தவர் தேவன். நடுகிறவனே நீர்ப்பாய்ச்சவும் வேண்டும் என்று பவுல் பிடிவாதம் பண்ணவில்லையே! இன்றைக்கே அந்தச் சாவியை எடுத்து இன்னொருவர் கையில் கொடு.

ஜெபம்: அன்பின் பரம தகப்பனே, உம்முடைய தோட்டத்தை என்னுடையதென்று நினைத்த பாவத்தை மன்னியும். பகிர்ந்து கொடுக்கிற இருதயத்தைத் தாரும். எங்கள் ஊரை நீர்ப்பாய்ச்சலான தோட்டமாக்கும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே, ஆமென். அல்லேலூயா!