வடிகட்டலோடு முடிவதன்று நீரறம்

சமணர் இல்லங்களில் அறம் தொடங்கும் இடம் நீர்க்குடம் எனலாம். சாத்திரம் கேட்டறியாத சிறு குழந்தையும், அன்னை குடத்தின் வாயில் இருமடித் துணியிட்டு நீர் வார்ப்பதைக் கண்டே கொல்லாமையின் முதற்பாடத்தைப் பெறுகிறது. இன்றோ, கிணற்று நீரின் இடத்தைக் குழாய் நீர் பெற்றுவிட்டது. துணியில் தங்கும் சிற்றுயிரினும், துணியைக் கடந்து செல்லும் நுண்கிருமியும் கரைந்த உப்பும் நம்மை அச்சுறுத்துகின்றன. அவற்றின் பொருட்டு நீரைக் காய்ச்சுகிறோம்; குளோரின் இடுகிறோம்; கருவி வைத்துத் தூய்மை செய்கிறோம். அங்ஙனம் கிருமியை அழித்தல் இம்சை ஆகாதோ? நம் வீட்டு நீர் தூயதாகிவிட்டால் நம் கடமை முடிந்துவிடுமோ? இவ்விரு வினாக்களையும் இல்லறத்தார் நிலையில் நின்று எண்ணிப் பார்ப்போம்.

முன்னோர் வகுத்த முறை நுட்பமானது. வடிகட்டிய நீருக்கு ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடமே எல்லை. அதன்பின் மீண்டும் வடிகட்ட வேண்டும். துணியில் தங்கிய உயிர்களை, நீர் எங்கிருந்து எடுக்கப்பட்டதோ அங்கேயே மெல்லச் சேர்க்க வேண்டும். ஆகவே இவ்வறத்திற்கு இரு கூறுகள் உள்ளன: வடிகட்டல் ஒன்று, திரும்பச் சேர்த்தல் மற்றொன்று.

முதற்கூறின் பயனை இக்கால அறிவியலும் கண்டுள்ளது. வங்கதேசத்துச் சிற்றூர்களில் ரீட்டா கோல்வெல் என்னும் அறிவியலாரும் அவர்தம் குழுவினரும் நடத்திய ஆய்வு 2003-இல் வெளிவந்தது. பழைய புடவையைப் பல மடிப்பாக்கி நீரை வடிகட்டிய ஊர்களில் காலரா ஏறத்தாழ 48 விழுக்காடு குறைந்தது. காலராக் கிருமி, நீரில் மிதந்து வாழும் சிற்றுயிர்களைப் பற்றிக்கொண்டிருப்பதே காரணம். ஆயினும் எஞ்சிய பாதி நோயைத் துணி தடுக்கவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

கோவையிலிருந்து விசயமங்கலம் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் ஆலயத்திற்கு நெடுஞ்சாலை வழியே செல்லும் அன்பர்கள் கருமத்தம்பட்டியைக் கடந்து செல்வர். விசைத்தறிகள் மிகுந்த அவ்வட்டாரத்து மக்கள் குழாயில் வரும் ஆற்று நீரை ‘நல்ல தண்ணீர்’ என்றும், ஆழ்துளைக் கிணற்று நீரை ‘உப்புத் தண்ணீர்’ என்றும் பிரித்தறிவர். ஆனால், நல்ல தண்ணீரும் எப்பொழுதும் நல்லதன்று. நீர் விடாத வேளைகளில் குழாயினுள் அழுத்தம் இராது. அப்பொழுது விரிசல்களின் வழியாகவும் தளர்ந்த இணைப்புகளின் வழியாகவும் சாக்கடைக் கசிவு உட்புகும். பிடித்து வைத்த குடத்தில் கைபட மொண்டால் வீட்டிலேயே மாசு சேரும். இவ்வாறு புகும் கிருமிகளைக் கொதிக்கக் காய்ச்சுதல் அழிக்கும். உப்பையும் நைட்ரேட்டையும் காய்ச்சுதல் நீக்காது. நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடவே செய்யும்.

இனி முதல் வினாவிற்கு வருவோம். இல்லறத்தான் முற்றும் துறக்க வேண்டியது, கொல்லும் எண்ணத்தோடு செய்யும் சங்கல்ப இம்சையை. அடுப்பு மூட்டுதல் முதலிய இல்லக் கடமைகளில் நேரும் இம்சையை அவன் முழுதும் தவிர்த்தல் இயலாது; கருத்தோடு குறைத்தல் இயலும். தத்துவார்த்த சூத்திரமும் இம்சைக்குப் பிரமாதத்தையே, அதாவது விழிப்பின்மையையே அடிப்படையாகக் கொள்கிறது. துறவியரும் காய்ச்சி உயிரற்றதாகிய நீரையே ஏற்கின்றனர். எனவே குழந்தையின் உயிரைக் காக்க நீரைக் காய்ச்சும் தாய் பாவம் செய்தவள் ஆகாள். காய்ச்சாமல் கொடுத்து, வயிற்றுப்போக்கு வந்தபின் விதியை நோவதே விழிப்பின்மை. அன்றியும், குடத்தையும் தொட்டியையும் நன்கு மூடி வைத்தால் கொசுப்புழு தோன்றாது. பின்னர் அதனைக் கொல்லவும் வேண்டியதில்லை. உயிர் தோன்றி மடியும் சூழலை உண்டாக்காதிருத்தல் அஹிம்சையின் சிறந்த வழி அன்றோ?

குழாய் நீரில் கொல்லாமை மட்டுமன்று, கள்ளாமையும் அடங்கியுள்ளது. தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி நீரை உறிஞ்சுவோர் பலர். அவ்வாறு உறிஞ்சுங்கால் குழாயினுள் அழுத்தம் குறைந்து, விரிசல்களின் வழியே கழிவு நீரும் இழுக்கப்படுகிறது. அடுத்த வீட்டாரின் பங்கும் குறைகிறது. கொடாததை எடுத்தல் களவு என்று கற்ற நாம், அங்ஙனம் எடுத்த நீரை எத்துணை முறை வடிகட்டினாலும் அது தூயதாகுமோ?

இரண்டாம் வினாவிற்கு விடை, நாம் மறந்துவிட்ட ‘திரும்பச் சேர்த்தல்’ என்னும் கூற்றில் உள்ளது. கிணற்றில் மொண்டவன் அதன் ஆழத்தையும் அறிவான், அதன் மாசையும் அறிவான். குழாயைத் திருகுவோனுக்கோ நீரின் தோற்றுவாயும் தெரியாது, சென்று சேரும் இடமும் தெரியாது. வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றும் நொய்யல், கோவை, சூலூர், சாமளாபுரம், திருப்பூர் வழியே சென்று காவிரியில் கலக்கிறது. பாசனத்திற்கென 1992-இல் முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கிற்று. சுற்றுப்புற வயல்களும் கிணறுகளும் பாழாயின. உழவர் நீதிமன்றம் சென்றனர். கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடாத நிலை எய்தும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. நாம் உடுத்தும் ஆடைக்கு நிறம் தந்த நீரே பிறர் பருகும் கிணற்றைக் கெடுத்தது. வணிகமும் தொழிலும் புரிவோர் நிறைந்த நம் சமுதாயம் இதனை ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். துணியில் தங்கிய புழுவைக் கிணற்றில் சேர்க்கப் பணித்த அறம், ஆலைக் கழிவை ஆற்றில் சேர்க்க இசையுமோ?

வீட்டளவில் நாம் செய்யத்தக்கன பல. நீரை வடிகட்டிப் பின் நன்கு கொதிக்க வைப்போம். மூடிய பாத்திரத்தில் வைத்து, பிடியுள்ள அகப்பையால் மொள்வோம். மேல்நிலைத் தொட்டியைக் காலந்தவறாது கழுவுவோம். ஆழ்துளைக் கிணற்று நீரை ஆய்வகத்தில் சோதிப்போம். இந்தியத் தர நெறியின்படி 100 மில்லி லிட்டர் குடிநீரில் ஈ.கோலி என்னும் மலக்கிருமி ஒன்றும் இருத்தலாகாது. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லி கிராமிற்குள் இருப்பது ஏற்புடையது. உப்பு மிகாத நீருக்கு ‘ஆர்.ஓ.’ கருவி வேண்டா. உப்பு மிகுந்து அதனை வைத்தோர், அது கழித்துவிடும் நீரைச் சாக்கடைக்கு விடாது தரை கழுவவேனும் பயன்படுத்துக. தெருக்குழாயில் கசிவு கண்டால், நம் வீட்டு நீர் தெளிவாக இருப்பினும், நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ அன்றே தெரிவிப்போம். அக்கசிவின் வழியே நோய் புகுவது, நீரைக் காய்ச்ச விறகும் எரிவாயுவும் போதாத ஓர் ஏழையின் வீடாக இருக்கலாம்.

தன் குடத்தை மட்டும் தூய்மை செய்தல் தற்காப்பு. அடுத்தவர் குடத்தையும், குடத்திற்கு நீர் தரும் ஆற்றையும் எண்ணிச் செயற்படுதலே நீரறம்.