வேளை தவறாத வேண்டுதல்

விரும்பிய பொழுதில் செய்யும் நன்மைகளைவிட, விருப்பம் எழாத நாளிலும் விடாமல் செய்யும் நன்மைகளே ஒருவரின் பண்பை உருவாக்குகின்றன. நாள்தோறும் ஜெபிப்பதும், நாள்தோறும் திருமறையின் ஒரு பகுதியை வாசித்துச் சிந்திப்பதும் அத்தகைய நன்மைகளில் முதன்மையானவை என்று கிறித்தவ மரபு நெடுங்காலமாகக் கொண்டு வந்திருக்கிறது. கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில், மஞ்சளாற்றின் பக்கம் அமைந்த கெங்குவார்பட்டி போன்ற ஊரில் வாழ்பவருக்கு இதை விளக்க நீண்ட சான்றுகள் வேண்டியதில்லை. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை வந்துவிட்டால், தம் மனம் சோர்ந்திருக்கிறதா மகிழ்ந்திருக்கிறதா என்று எந்த உழவரும் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. நள்ளிரவே ஆனாலும் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வரப்பேறி நடக்கிறார். தவறவிட்ட முறை மீண்டு வராது என்பது அவருக்குத் தெரியும். இறைவன் முன் நிற்கும் வேளையை மட்டும் மனத்தின் போக்குக்கு விட்டுவிடுவது எவ்வாறு பொருந்தும்?

ஆங்கிலிக்கத் திருச்சபை இந்த உண்மையை ஓர் ஒழுங்காகவே வகுத்துத் தந்தது. 1549-இல் கேன்டர்பரிப் பேராயர் தாமஸ் கிரான்மரின் பொறுப்பில் முதலாவது பொது ஜெப நூல் வெளிவந்தபோது, துறவு மடங்களில் நாள் முழுவதும் பல வேளைகளில் ஓதப்பட்டுவந்த வேண்டுதல்கள் காலை, மாலை என்னும் இரண்டு வேளைகளாகச் சுருக்கப்பட்டு, மக்களின் சொந்த மொழியில் வைக்கப்பட்டன. 150 சங்கீதங்களும் மாதத்தின் 30 நாள்களுக்குக் காலையும் மாலையுமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டன. புதிய ஏற்பாடு, வெளிப்படுத்தின விசேஷம் நீங்கலாக, ஆண்டில் மும்முறை வாசித்து முடியுமாறு அமைக்கப்பட்டது. உலகைத் துறந்தவருக்கே உரியதாக இருந்த ஓர் ஒழுக்கம், உழுபவருக்கும் நெய்பவருக்கும் பிள்ளை வளர்ப்பவருக்கும் உரியதாயிற்று. அந்த மாற்றத்தின் பெருமையை நாம் போதுமான அளவு எண்ணிப் பார்த்ததில்லை என்றே தோன்றுகிறது.

சென்னை வேப்பேரியில் பணிபுரிந்த மிஷனரி ரோட்லர் அந்த நூலைத் தமிழாக்கினார். திருநெல்வேலிச் சீமையின் பனங்காட்டு ஊர்களில் அது வேரூன்றியது. அங்கே காலையிலும் மாலையிலும் கோயில் மணி ஒலிக்க, உபதேசியார் முன்னின்று ஜெபம் நடத்த, எழுத்தறியாத பனைத் தொழிலாளரும் சங்கீதங்களைக் கேட்டுக் கேட்டே மனத்தில் பதித்துக்கொண்டனர். 1841-இல் இடையன்குடிக்கு வந்த இராபர்ட் கால்டுவெல் அரை நூற்றாண்டுக் காலம் அவ்வூரோடு பிணைந்திருந்தார். அவர் 1847-இல் தொடங்கிய கோயில் 1880-இல்தான் நிறைவுற்றது. மொழி ஆராய்ச்சிக்காக அவரைப் போற்றுவோர், அந்த ஆராய்ச்சிக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த அன்றாட வேண்டுதலின் ஒழுங்கையும் நினைக்க வேண்டும். அவர் உயிர் நீத்தது 1891 ஆகஸ்டு 28-ஆம் நாள், கொடைக்கானலில். கெங்குவார்பட்டியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும் அதே மலைத்தொடரில். அடக்கம் செய்யப்பட்டதோ இடையன்குடியில், தாம் கட்டிய கோயிலுக்குள்.

தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பகுதிகளுக்குக் கிறித்தவம் வேறு வழியாக வந்தது. 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் ஆங்கிலிக்கர் அல்லர். நூலைப் பார்த்துச் சொல்லும் ஜெபத்தைவிட, உள்ளத்திலிருந்து அவ்வப்போது எழும் ஜெபத்தையே மேலாகக் கொண்ட மரபினர் அவர்கள். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோதுதான், திருநெல்வேலி உள்ளிட்ட ஆங்கிலிக்க மறைமாவட்டங்களும் இந்த மதுரை மரபினரும் மெதடிஸ்டு சபையாரும் ஒரே திருச்சபையாயினர். அன்று மதுரை இராமநாதபுரம் திருமண்டலத்தின் முதற் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட லெஸ்லி நியூபிகினுக்கு வயது 37. அவரோ இருவகையையும் சாராத ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மிஷனரியாக வந்தவர். முன்னர்க் காஞ்சிபுரத்தில் இருந்தபோது, இராமகிருஷ்ண மடத்துத் துறவியரோடு வாரந்தோறும் தரையில் அமர்ந்து, ஒருமுறை உபநிடதமும் மறுமுறை யோவான் நற்செய்தியுமாக வாசித்துவந்தவர் அவர். மறைநூலை அவசரமின்றி, வரிசை பிறழாமல், பிறரோடு சேர்ந்து வாசிப்பது என்ன என்பதை அறிந்த ஒருவரின் கையில் இப்பகுதியின் சபைகள் ஒப்படைக்கப்பட்டதை நற்பேறு என்றே கருதுகிறேன்.

எழுதிய ஜெபமா, எழுதாத ஜெபமா என்ற வழக்கு இன்றும் சபைகளில் ஓயவில்லை. இரண்டுக்கும் இடம் உண்டு. துயரம் நெஞ்சை அடைக்கும்போது நூலைத் தேடிக்கொண்டிருப்பவர் எவரும் இல்லை. ஆயினும் நாள்தோறும் செய்யும் வழிபாட்டுக்கு, குறித்த வேளையும் குறித்த பகுதியும் இன்றியமையாதவை என்பதே என் உறுதியான எண்ணம். தாமே தெரிந்தெடுத்து வாசிப்பவர் தமக்குப் பிடித்த ஆறேழு சங்கீதங்களையே சுற்றிச் சுற்றி வருவார். ஆறுதல் தருவதை மறவார், கடிந்துகொள்வதைத் தொடார். தேடிச் சென்று எடுக்கும் வசனம் பெரும்பாலும் நாம் முன்பே எண்ணியதைத்தான் நமக்குத் திருப்பிச் சொல்லும். வரிசைப்படி வரும் பகுதியோ நம்மைக் கேட்டு வருவதில்லை.

ஜெப நூலின் வரிசைப்படி மாதத்தின் மூன்றாம் நாள் காலையில் வருவது 15-ஆம் சங்கீதம். இறைவனின் மலையில் தங்கத் தகுந்தவர் யார் என்று அது கேட்கிறது. கொடுத்த வாக்கினால் தமக்கே இழப்பு வந்தாலும் அதை மாற்றாதவர், தம் பணத்தை வட்டிக்கு விடாதவர், குற்றமற்றவருக்கு எதிராகக் கைக்கூலி வாங்காதவர் என்று அதுவே விடையும் கூறுகிறது. வட்டிக் கடனில் நிலத்தையும் நகையையும் இழந்த குடும்பங்களை அறியாத ஊர் நம் மாவட்டத்தில் உண்டா? கடன் கொடுத்தவரும் கடன் பட்டவரும் ஒரே கோயிலில் அமர்ந்து அந்தச் சங்கீதத்தைக் கேட்க நேரும் நாள் எளிய நாள் அன்று. ஒருவர் பத்து வயதில் இவ்வழக்கத்தைத் தொடங்கி எழுபது வயது வரை விடாதிருந்தால், அச்சொற்கள் 720 முறை அவர் முன் வந்து நின்றிருக்கும். முதல் நூறு முறை காதில் விழாமலே போகலாம். அதன் பிறகு என்றோ ஒருநாள், தேங்காய் விலை பேசி முடித்து வாக்குக் கொடுத்தபின் அதைவிடக் கூடுதல் விலைக்கு மற்றொருவர் கேட்கும் வேளையில், அது காதில் விழும். அந்த ஒரு வேளைக்காகவே மற்ற நாள்களெல்லாம் அவரை அணியப்படுத்தி வந்திருக்கின்றன.

பதினேழாம் நாள் காலையில் வரும் 88-ஆம் சங்கீதம் வேறு வகையானது. அது துயரத்தில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. முடிவில் ஆறுதல் சொல் ஒன்றேனும் அதில் இல்லை. நலமாய் இருக்கும் நாளில் இதை ஏன் வாசிக்க வேண்டும் என்று கேட்பவர் உண்டு. உங்கள் வீட்டில் துயரம் இல்லாத நாளிலும் ஊரில் ஏதேனும் ஒரு வீட்டில் அது இருக்கிறது. அவ்வீட்டாரின் வாயாக நின்று அன்று நீங்கள் வாசிக்கிறீர்கள். நாளை உங்களுக்கு வாய் திறவாத நாள் வரும்போது அவர்கள் உங்களுக்காக வாசிப்பார்கள். பதினெட்டாம் நாள் காலையில் 90-ஆம் சங்கீதம் வருகிறது. பழைய ஜெப நூலின்படி அடக்க ஆராதனைக்குக் குறிக்கப்பட்ட இரண்டு சங்கீதங்களுள் ஒன்று அது. ஆதலால் இந்த ஒழுங்கைக் கைக்கொள்பவர், தம் அடக்கத்தன்று வாசிக்கப்பட இருக்கும் சொற்களை மாதம் ஒருமுறை தம் வாயாலேயே சொல்லி வருகிறார். நாள்களை எண்ணிப் பார்க்கக் கற்றவர் பகையை நெடுநாள் வைத்துக்கொள்வதில்லை. பங்காளியோடு வரப்புக்காக வழக்காடித் தம் முதுமையைச் செலவழிப்பதும் இல்லை.

இங்கே ஒரு கடுமையான உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாள்தோறும் வாசித்தவர்களே வாசித்ததற்கு எதிராக நடந்ததும் உண்டு. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமைக்கு இடமில்லை என்று ஆணையிட்டபோது தஞ்சைச் சபையில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. தமிழ்க் கிறித்தவ இசைக்குத் தந்தை போன்ற வேதநாயக சாஸ்திரியாரும் எதிர்த்தவருள் ஒருவர். 1847-இல் அமெரிக்க மதுரை மிஷன், திருவிருந்தில் பங்கேற்போர் சாதியைத் துறக்க வேண்டும் என்றும், பிற சாதியாரோடு அமர்ந்து உண்டு அதைக் காட்ட வேண்டும் என்றும் வரையறுத்தபோது, உபதேசிமார் உட்படப் பலர் விலகி நின்றனர். இவர்கள் திருமறையை அறியாதவர்கள் அல்லர். சபைக்குள் பொன்மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இருக்கையும் கந்தை உடுத்தவருக்குக் காலடியும் காட்டுவதைக் கண்டிக்கும் யாக்கோபின் நிருபத்தை அவர்கள் பலமுறை வாசித்திருந்தார்கள்.

இதைக் கொண்டு வாசிப்பே பயனற்றது என்று முடிவு கட்டுவது தவறு. வில்சனும் மதுரை மிஷனரிகளும் எந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அநீதியை எதிர்த்தார்களோ, அதே நூல்தான் எதிர்ப்பாளர் கையிலும் இருந்தது. வேறுபாடு, வாசித்தபின் அமைதியாக இருந்து, இன்று இது யாரைக் குறித்துப் பேசுகிறது என்று கேட்டுக்கொண்டதில் இருந்தது. வாசிப்பும் சிந்தனையும் பிரிந்தால், வாசிப்பவர் நாளடைவில் இறைவனின் சொல்லுக்கே பழகிப்போய்விடுகிறார். அந்தப் பழக்கம் அறியாமையைவிடக் கேடானது. வள்ளுவர் அடக்கமுடைமையை முன்வைத்து அதையடுத்து ஒழுக்கமுடைமையை வைத்ததில் ஒரு முறை இருக்கிறது. தன்னை அடக்கி ஒரு சொல்லுக்குச் செவிகொடுக்கத் தெரியாதவரின் ஒழுக்கம் நெடுநாள் நிற்பதில்லை. ஆகவே, பகுதியை வாசித்தபின் சற்று நேரம் பேசாதிருப்பதும் ஜெபத்தின் ஒரு கூறே என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும். அந்த அமைதியில் நமக்கு உவப்பில்லாத ஒருவரின் முகம் தோன்றினால், அடுத்து வரும் மன்றாட்டில் அவர் பெயரைச் சொல்ல வேண்டும். கிறித்தவர் அல்லாத அண்டைவீட்டாரின் நோயும், அவர்கள் வயலின் மழையும், ஊர்ப் பள்ளியும் அந்த மன்றாட்டுக்குள் வர வேண்டும். தம் குடும்பத்துக்காக மட்டுமே ஜெபிப்பவர் ஆண்டுகள் செல்லச் செல்லச் சுருங்கிப்போகிறார்.

இக்காலத்தில் ஓர் ஆயரின் பொறுப்பில் பல ஊர்கள் இருக்கின்றன. ஞாயிறு ஆராதனைக்கே ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு விரைய வேண்டியவர், எல்லா ஊரிலும் நாள்தோறும் காலை ஜெபம் நடத்த இயலாது. பழைய உபதேசியார் பொறுப்பும் பல இடங்களில் அருகிவிட்டது. எனவே இந்த ஒழுங்கைக் காக்கும் கடமை இப்போது சபை மூப்பரிடமும், பெண்கள் ஐக்கியத்தாரிடமும், அவர்களைவிடவும் மிகுதியாகக் குடும்பங்களிடமும் வந்திருக்கிறது. அது ஒருவகையில் கிரான்மர் விரும்பியதே. விடியுமுன் மாந்தோப்புக்கும் வயலுக்கும் கூலி வேலைக்கும் புறப்படும் குடும்பத்தார் காலையில் கூட இயலாவிடில், மாலையில் விளக்கேற்றியபின் கூடட்டும். அன்றைய சங்கீதங்கள் நீளமானவை என்றால் ஒன்றை மட்டும் வாசிக்கட்டும். எழுத்தறிந்த பிள்ளை வாசிக்க, எழுத்தறியாத பாட்டி கேட்கட்டும். நோயோ பயணமோ குறுக்கிட்டு ஒரு வாரம் விட்டுப்போனால், விட்டதையெல்லாம் ஒரே மாலையில் வாசித்துத் தீர்க்க முயலாமல், அன்றைய தேதிக்கு உரிய இடத்திலிருந்து தொடரட்டும். ஆனால் அன்றைக்கு வந்த பகுதி மனத்துக்கு இசையவில்லை என்பதற்காக, அதை விடுத்து விருப்பமான வேறொன்றை அந்த இடத்தில் வைத்துவிடலாகாது.